ஒருமுறை பூக்கும் கிழங்கு

சத்தியமங்கலம் பக்கம் அந்தச் சம்பங்கித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை நான்கு மணி. ஆனி பிறக்கச் சில நாட்கள் இருந்தன. வரப்பில் நின்று பார்த்தால் ஆட்கள் தெரியவில்லை. நெற்றியில் கட்டிய பேட்டரி லைட்டுகள் மட்டும் வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன.

“லைட்ட எம்மேல அடிக்காதீங்க கண்ணு, மொட்டு தெரியாது” என்றார் முன்னால் நின்ற அக்கா. இருபது வருடமாகப் பூப்பறிக்கிறவர். டார்ச்சை அணைத்துவிட்டு அவர் விரல்களையே பார்த்தேன். சம்பங்கித் தண்டில் கணுவுக்கு இரண்டாக, அடியிலிருந்து மேல்நோக்கிப் பூ மலரும். அன்றைக்கு விரியப்போகிற மொட்டு உப்பி வெளுத்திருக்கும். அதற்கு மேலே இருப்பதன் நுனியில் லேசான ரோஸ் நிறம் மிச்சமிருக்கும், அது நாளைக்கு. அவர் கீழ்மொட்டைக் கிள்ளி மடியில் போடும்போது மேல்மொட்டு அசையக்கூட இல்லை. வெயில் ஏறிவிட்டால் மொட்டு விரிந்து இதழ் துவண்டுவிடும், மார்க்கெட்டில் விலை போகாது. அதற்காகத்தான் இருட்டில் இந்த வேலை. செடியிலிருந்து பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிற பூ இது.

வயலில் இருந்தது பிரஜ்வல் ரகம். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், சிருங்கார், மெக்சிகன் சிங்கிள் என்ற இரண்டு ரகங்களைக் கலப்புச் செய்து உருவாக்கியது.

விடிந்ததும் அக்கா என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மூன்று வருடம் பூத்து ஓய்ந்த வயலிலிருந்து தோண்டிய கிழங்குகளை நிழலில் பரப்பியிருந்தார்கள். ஒரு குத்தைக் கையில் எடுத்துப் பிரித்தார்.

“இது தாய்க்கிழங்குங்க. பூத்து முடிஞ்சுது, இனி இதுல தண்டு வராது. சுத்தி இருக்கறதெல்லாம் இதோட புள்ளைங்க. நடறது இதுகளத்தான்.”

நான் கேட்டதும் ஒன்றை நெடுக்காக அரிந்து காட்டினார். அடியில் தட்டுப்போல் ஒரு கெட்டியான பகுதி, அதன்மேல் சதைபிடித்த இலையடிகள், நடுவில் ஊசிமுனை அளவுக்குக் குருத்து. அந்தக் குருத்து பூந்தண்டாக மாறிவிட்டால் பிறகு இலைவிடத் திரும்பாது. பக்கவாட்டு மொட்டுகள்தான் கிழங்காகி வம்சத்தைத் தொடரும். தோட்டத்து வேலியில் நிற்கும் ஆனைக்கற்றாழையும் ஆயுளில் ஒரே தரம் பூத்து மடிவதுதான். இரண்டுக்கும் சொந்த ஊர் மெக்சிகோ. தாவரவியலார் இப்போது இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறார்கள்.

எப்போது முளைப்பது, எப்போது பூப்பது என்பதைப் பெரும்பாலான கிழங்குகள் சூட்டையும் குளிரையும் வைத்தே அறிகின்றன. துலிப் கிழங்கு, கோடையில் 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் மண்ணுக்கு வெளியே கிடக்கும்போதே உள்ளுக்குள் பூவை உருவாக்கிவிடும். ஆனால் மூன்று மாதம்போல் கடுங்குளிர் பட்டால்தான் தண்டு சரியாக நீளும். ஸ்ரீநகரில் துலிப் தோட்டம் செழிப்பதும் நம் சமவெளியில் துலிப் தேறாததும் இதனால்தான். சம்பங்கி நேர் எதிர். 20 முதல் 30 டிகிரி வரை அதற்கு இதம். 40ஐத் தாண்டினால் தண்டு குட்டையாகிவிடும். மார்கழிப் பனியில் தண்டு வருவதே குறைந்துவிடும்.

ஆனாலும் அதற்கும் ஓய்வு வேண்டும். “தோண்டுன கையோட நட்டா ஒண்ணு முளைக்கும், ஒண்ணு தூங்கும். ஒரு மாசம் போட்டு வச்சா எல்லாம் ஒண்ணுபோல கண்ணு தொறக்கும்” என்றார் அக்கா. வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அதே 30 நாள்தான். கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருக்க வேண்டும் என்கிறது. அக்காவிடம் தராசு இல்லை. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்க்கிறார், பெருவிரலால் அழுத்துகிறார். மெத்தென்று அமுங்கினால் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறார். அழுகாமல் இருக்க நாலைந்து நாளுக்கு ஒருமுறை அத்தனையையும் புரட்டிப்போடுவதும் பூப்பறிக்கிற இவர்கள்தான்.

பறிப்புக் கூலி கிலோ கணக்கு. முகூர்த்த நாளில் பூ விலை பல மடங்கு ஏறினாலும் தங்கள் கூலி ஏறுவதில்லை என்றார்கள். இது நியாயமில்லை. எந்த மொட்டு இன்றைக்கு, எந்தக் கிழங்கு மண்ணுக்கு என்று தீர்மானிக்கிற அறிவுக்கும் சேர்த்துக் கூலி தர வேண்டும். விலை ஏறும் நாளிலாவது அதில் ஒரு பங்கு இவர்களுக்குச் சேர வேண்டும்.

ஆனி முதல் வாரம் நடவு. ஏக்கருக்கு ஏறக்குறைய 45,000 கிழங்கு. அத்தனையும் இந்தக் கைகள் அழுத்திப் பார்த்த பிறகே மண்ணுக்குள் போகும். புரட்டாசியில் முதல் தண்டு வரும்.