மோட்டார் இல்லாமல் மலையேறிய தண்ணீர்



இத்தாலி, ஃபவுண்டன். இந்த ரெண்டு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னா உங்க மனசுல என்ன வருது? ரோம்ல இருக்கிற ட்ரெவி. திரும்பி நின்னு, தோளுக்கு மேல காசு வீசி, அதை ஒரு ரீல்ஸ் போட்டு... அதானே? நான் சொல்ல வந்தது அது இல்லை.

ரோமுக்கு வடக்கே உம்ப்ரியா மாநிலத்தில் பெருஜா என்று ஒரு ஊர். அந்த ஊரின் நடுச் சதுக்கத்தில் 1278-இல் இருந்து ஒரு நீரூற்று நிற்கிறது. பெயர் ஃபொன்டானா மஜ்ஜோரே. பெரிய பில்டப் எல்லாம் வேண்டாம், 'பெரிய நீரூற்று' என்றுதான் அர்த்தம். மூன்றாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்காக அந்த ஊருக்குப் போயிருந்தேன். தங்கியது பழைய ஊருக்குள். அதனால் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை அந்த நீரூற்றைக் கடந்துதான் போவேன். நம்ம டிபார்ட்மென்ட் சிவில் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே நின்று பார்த்துவிட்டேன் போல. பார்த்ததைச் சொல்றேன், கேளுங்க.

ஊரே மொட்டை மாடியில்

முதலில் ஊரின் அமைப்பு புரியணும். பெருஜாவின் பழைய நகரம் ஒரு மலையின் உச்சியில் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 490 மீட்டர். ரயில்வே ஸ்டேஷன் கீழே. மேலே வர மினிமெத்ரோ என்று டிரைவரே இல்லாத குட்டிப் பெட்டிகள் கேபிளில் ஓடுகின்றன. 2008-இல் திறந்தது. வேறு பக்கத்தில் இருந்து வந்தால், ஒரு பழைய கோட்டையின் வயிற்றுக்குள்ளேயே எஸ்கலேட்டர் போட்டிருக்கிறார்கள்.

மனுஷன் ஏறவே இவ்வளவு ஏற்பாடு என்றால், தண்ணீர்?

மலை உச்சியில் ஆறு ஓடாது. அப்புறம் என்ன வழி? கிணறு, மழைநீர்த் தொட்டி. நீரூற்றில் இருந்து கொஞ்ச தூரத்திலேயே ரோமானியர்களுக்கு முந்தைய எத்ருஸ்கர்கள் வெட்டிய கிணறு ஒன்று இன்றும் இருக்கிறது. ஆழம் 35 மீட்டருக்கு மேல். ஒரு குடம் தண்ணிக்குப் பத்து மாடி ஆழத்தில் இருந்து இழுக்கணும். இதை மனசுல வச்சுக்கிட்டு நீரூற்றுக்கு வாங்க.

கல்லில் ஒரு காலண்டர்

சதுக்கத்தின் ஒரு பக்கம் சான் லொரென்ஸோ கதீட்ரல். எதிர்ப்பக்கம் பலாத்ஸோ தெய் ப்ரியோரி என்ற நகர மாளிகை. நடுவில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நீரூற்று. இதில் ஒரு சுவாரசியம்: இப்போதிருக்கும் மாளிகையைக் கட்டத் தொடங்கியது 1293-இல். இப்போதிருக்கும் கதீட்ரலைத் தொடங்கியது 1345-இல். அதாவது இந்த மூன்றில் மூத்தது நீரூற்றுதான். முதலில் தண்ணி வந்தது, மற்றதெல்லாம் அதைச் சுற்றி எழுந்தது.

கீழே 25 பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய தொட்டி. அதன் மேல் சின்னதாக இன்னொரு கல் தொட்டி. அதற்கும் மேலே வெண்கலக் கிண்ணம், அதில் மூன்று பெண் உருவங்கள். சிற்பம் செய்தவர்கள் நிக்கோலா பிசானோவும் அவர் மகன் ஜொவான்னி பிசானோவும். அப்பா, பிள்ளை கூட்டணி.

கீழ்த் தொட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு புடைப்புச் சிற்பங்கள், மொத்தம் 50. ஏதோ சாமி, ராஜா கதையாக இருக்கும் என்று நினைத்துதான் போனேன். அதுவும் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி பன்னிரண்டு மாதங்கள் இருக்கு! ஜனவரியில் குளிருக்கு அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிப்ரவரியில் மீன் பிடிக்கிறார்கள். ஜூனில் அறுவடை, ஜூலையில் போரடிப்பு, ஆகஸ்டில் அத்திப்பழம் பறிப்பு, நவம்பரில் உழவும் விதைப்பும், டிசம்பரில் பன்றி வெட்டு. ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் ராசிச் சின்னம். நம்ம வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் மாதிரியே, வேலையும் ராசியும் ஒரே இடத்தில்.

இன்னும் சுற்றினால் ஈசாப் கதைகள். ஓநாயும் ஆட்டுக்குட்டியும், ஓநாயும் கொக்கும். பிறகு அந்தக் காலத்து சிலபஸ்: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, கணிதம், வடிவியல், இசை, வானியல். வடிவியல் கையில் ஒரு காம்பஸ். எஞ்சினியரிங் டிராயிங் ஹாலில் நாம பிடிச்ச அதே காம்பஸ்!

மேல் தொட்டியில் 24 சிலைகள். அதில் மூன்று பெண்கள் எனக்குப் பிடித்தவர்கள். நடுவில் இருப்பவள் பெருஜா நகரமே. ஒரு பக்கம் த்ரசிமேனோ ஏரி ஒரு பெண்ணாக மீன் கொண்டு வருகிறாள். இன்னொரு பக்கம் கியூசி என்ற ஊர் தானியக் கதிர் கொண்டு வருகிறாள். ஊருக்குச் சோறு எங்கிருந்து வருது என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்த மாதிரி.

இன்னொன்று கவனிச்சுப் பாருங்க. கீழே 25, மேலே 24. இரண்டு தொட்டிகளின் கோடுகளும் நேருக்கு நேர் வராது. அதனால் இதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்றே இல்லை. ஒரு இடத்தில் நின்றால் முழுசாகப் பார்த்த திருப்தி வராது, கால் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். நானும் சுற்றினேன், பலமுறை.

தண்ணி எப்படி ஏறுச்சு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதீட்ரல் படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அந்தப் படிக்கட்டில் எப்பவும் ஸ்டூடன்ட்ஸ் கூட்டம்தான், நம்ம கேன்டீன் திண்ணை மாதிரி. கேமராவைத் திருப்பி நீரூற்றைக் காட்டினேன். சிலை, சிற்பம், எழுநூறு வருஷம் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அப்பா கேட்ட முதல் கேள்வி:

"ஏல, மோட்டார் ரூம் எங்கல இருக்கு?"

சொல்ல மறந்துட்டேனே. எங்க அப்பா எங்க ஊர்ப் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். காலையில் மோட்டார் போட்டு, டேங்க் ஏற்றி, தெருத் தெருவாக வால்வு திறந்து விடுகிற வேலை. தண்ணியைப் பார்த்தால் அவருக்கு மோட்டார்தான் ஞாபகம் வரும்.

"மோட்டாரே கிடையாதுப்பா. 1278-ல கட்டுனது."

"பொறவு மேட்டுக்கு எப்படில ஏறுது?"

அதுதான் மக்களே கேள்வி! அம்பது சிற்பத்தையும் விட பெரிய கேள்வி.

பதில், ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மோன்தே பச்சானோ என்ற மலை. அங்கே ஊற்றுகள் இருக்கின்றன. பெருஜா சதுக்கத்தை விட அந்த இடம் உயரம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் பள்ளத்தாக்கு. சாதாரண வாய்க்கால் என்றால் வழி நெடுக இறக்கமாகவே போகணும், பள்ளம் வந்தால் அவ்வளவு உயரத்துக்கும் பாலம் கட்டணும். இன்னொரு வழி, தண்ணீரை மூடிய குழாய்க்குள் அடைத்துப் பள்ளத்தில் இறக்கி, மறுபக்கம் அதன் அழுத்தத்தாலேயே ஏற விடுவது. செகண்ட் இயரில் படித்த இன்வெர்ட்டட் சைஃபன்.

வேற டிபார்ட்மென்ட் மக்களுக்கு: கொத்தனார் மட்டம் பார்க்க ஒரு பிளாஸ்டிக் டியூபில் தண்ணி ஊற்றிப் பிடிப்பாரே, அதுதான். நடுவில் டியூப் எவ்வளவு கீழே தொங்கினாலும் இரண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைக் கொஞ்சம் இறக்கினால் அந்தப் பக்கம் வழியும். வழிகிற முனைதான் நீரூற்று.

சொல்ல ஈஸி. ஆனால் 10 மீட்டர் கீழே போகப் போக அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடும். உதாரணத்துக்கு 100 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டால், பள்ளத்தின் அடியில் 10 பார். வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது ஏறக்குறைய 1 பாரில். அப்போ யோசிச்சுக்கோங்க. ஒரு மூட்டு சரியாக அடைக்கவில்லை என்றாலும் பிய்த்துக்கொண்டு அடிக்கும். ரோமானியர்கள் பிரான்ஸின் லியோன் நகரத்துக்கு ஈயக் குழாய்களில் இந்த வித்தையைச் செய்திருக்கிறார்கள். அதனால் யோசனை புதுசு இல்லை. ஆனால் பெருஜா செய்தபோது கையில் என்ன ஃபார்முலா இருந்தது? பாஸ்கல் பிறந்ததே 1623-இல். பெர்னௌலியின் புத்தகம் வந்தது 1738-இல், அதாவது தண்ணி வந்து 460 வருஷம் கழித்து!

சும்மா ஒரே தடவையில் முடிந்துவிடவும் இல்லை. 1250-களில் வேலை தொடங்கி, நடுவில் நின்று, 1270-களின் கடைசியில்தான் திரும்ப வேகம் பிடித்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு ஊர் தண்ணிக்காகக் காத்திருந்திருக்கிறது.

இதை அப்பாவுக்கு என் லெவலில் விளக்கினேன். ஹெட் லாஸ் அது இதுன்னு. அமைதியாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"அப்பம் பள்ளத்துல ஒரு வால்வு வேணும்லா? இல்லன்னா அடியில சேறு தங்கிரும். மேட்டுல காத்து போக வழி வேணும். காத்து நின்னுச்சுன்னா தண்ணி நவுராது."

ஸ்கவர் வால்வு, ஏர் வால்வு! நான் பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் பண்ணிய இரண்டு பாயின்ட். அப்பா பத்தாங்கிளாஸோடு நின்றவர். எந்த ஊர்க் குழாயாக இருந்தாலும் தாழ்ந்த இடத்தில் சேறும், உயர்ந்த இடத்தில் காற்றும் சிக்கும் என்று இருபது வருஷ வேலை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

கல்லில் ஒரு பேர்

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நீரூற்றில் லத்தீனில் ஒரு நீண்ட கல்வெட்டு ஓடுகிறது. அதில் யார் யார் பேர் இருக்கு தெரியுமா? சிற்பிகளான நிக்கோலா, ஜொவான்னி. பணியை மேற்பார்த்த துறவி ஃப்ரா பெவிஞாதே. மேலே வெண்கலக் கிண்ணத்தில் அதை வார்த்த ரூபேயுஸின் பேரும் 1277 என்ற வருஷமும் தனியாக இருக்கிறது. கூடவே, கல்வெட்டில் இன்னொரு பேர்: பொனின்செஞ்ஞா. இவர் சிற்பி இல்லை. தண்ணீரைக் கொண்டு வந்தவர். குழாய்க்காரர்!

அவரைக் கூர்மையான அறிவுள்ளவர் என்று அந்தக் கல்வெட்டு புகழ்கிறது. வெனிஸில் பிறந்தவர் என்றும், பெருஜா மக்களுக்கு ரொம்பப் பிரியமானவர் என்றும் சொல்கிறது. வெளியூர்க்காரர், மண்ணுக்கடியில் வேலை பார்த்தவர். அவர் போட்ட எதுவும் சதுக்கத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் காலத்தின் மிகப் பெரிய சிற்பியின் பேர் இருக்கும் அதே கல்வெட்டில் அவருக்கும் இடம்.

நம்ம ஊர் டேங்க்கில் ஒரு கல் இருக்குமே, பார்த்திருப்பீங்க. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர். பேர் எல்லாம் வரிசையாக இருக்கும். டிசைன் போட்ட எஞ்சினியர் பேர் இருக்காது. வெல்டிங் வைத்தவர் பேர் இருக்காது. தினமும் ஏணியில் ஏறி மட்டம் பார்க்கிறவர் பேரும் இருக்காது. அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிளேஸ்மென்ட் சீசன் வருது. சிவில் படிச்சு என்னடா பண்ணப் போற, பேசாம ஐ.டி. பக்கம் வந்துடு என்று ஹாஸ்டலில் தினமும் பேச்சு ஓடுகிறது. தப்பில்லை, வீட்டுக் கடன் யாருக்கு இல்லை? எங்க வீட்டிலும் இருக்கு. ஆனால் எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு நான் எடுத்திருப்பது எங்க ஊர்க் குடிநீர் லைன்தான். எந்தத் தெருவில் பிரஷர் விழுது, ஏன் விழுது என்று அளந்து ஒரு மாடல் போடணும். தகவல் எல்லாம் அப்பா மண்டைக்குள் இருக்கு. அதைத் தாளில் இறக்குவதுதான் என் வேலை. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் யார் பேர் வரும் என்று கைடிடம் இப்பவே சொல்லிவிட்டேன். "போடலாமே" என்றார்.

போறவங்களுக்கு

யாராவது அந்தப் பக்கம் போனால், நீரூற்றைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி இருக்கும், கை வைக்க முடியாது. வெயில் சாய்ந்த பிறகு போங்க, கல்லின் இளஞ்சிவப்பு நிறம் அப்பதான் நல்லாத் தெரியும். அதோடு திரும்பிடாதீங்க. கதீட்ரலுக்குப் பின்பக்கம் இறங்கினால் வியா அப்பியா என்ற படிக்கட்டு வரும். அங்கிருந்து வியா தெல் அக்வெதோத்தோ. பழைய நீர்ப்பாதையின் வளைவுகள் மேலேயே நடைபாதை! தண்ணி போன இடத்தில் இப்போ நாம நடக்கலாம். இரண்டு பக்கமும் வீடுகள், சில வீட்டு வாசலுக்கு அந்த நடைபாதையில் இருந்து குட்டிப் பாலம். அதுல நடந்துதான் நான் தினமும் லேபுக்குப் போனேன்.

அவ்வளவுதான் மக்களே. கடைசியா ஒரே ஒரு கேள்வி. உங்க தெருவுக்குத் தினமும் தண்ணி திறந்து விடுறவர் பேர் உங்களுக்குத் தெரியுமா? தெரியலன்னா நாளைக்குக் காலையில கேட்டு வச்சுக்கோங்க. வால்வு திறக்க அவர் எப்படியும் வருவாரு.