துறையும் வழியும்

புவியியல் வகுப்பில் திருகோணமலையைப் பற்றிப் படிப்பிக்கும் நாளில் ஒரு கேள்வி எழாமற் போவதில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எம் நாட்டிலேயே இருக்கக் கப்பல்களெல்லாம் கொழும்புக்கு ஏன் போகின்றன? திருகோணமலையில் ஆழம் உண்டு. குன்றுகள் சூழ நின்று காற்றைத் தடுக்கின்றன. கொழும்பிலோ கடலுக்குள் கல்லைக் கொட்டி அணைகட்டித்தான் துறைமுகம் ஒன்றை ஆக்கவேண்டியிருந்தது. இதனைக் கேட்கும் பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளையென்றே நாம் கொள்வது வழக்கம்.

விடை கோப்பியிலிருந்து தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டிலே விளைந்த கோப்பி கண்டி வீதி வழியாக மாட்டுவண்டிகளிற் கொழும்புக்கு இறங்கிற்று. 1867-ம் ஆண்டு புகையிரதம் கண்டியை எட்டியதும் அவ்வழி மேலும் உறுதிபெற்றது. ஆயினும் அக்காலத்தில் தூரதேசம் செல்லும் நீராவிக் கப்பல்கள் தரித்துநின்ற துறை காலியே. கொழும்பின் முன்னே கிடந்தது திறந்த கடல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அங்கே நங்கூரமிடுவது கப்பற்காரருக்கு நெஞ்சிடியான காரியம். சரக்கு ஓரிடத்திலும் கப்பல் வேறோரிடத்திலுமாக இருந்தால் வணிகம் எங்ஙனம் நடைபெறும்? சரக்கைக் கப்பலிடம் அனுப்புவதா, கப்பலைச் சரக்கிடம் அழைப்பதா என்ற நிலையில் ஆட்சியாளர் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தனர். 1875-ம் ஆண்டு டிசெம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு அணைக்குக் கல் நாட்டினார். முக்கால் மைலுக்குச் சற்று அதிகமான நீளமுடைய அவ்வணை 1885-ம் ஆண்டில் முற்றுப்பெற்றது. காலியின் கப்பல்கள் கொழும்புக்குக் குடிபெயர்ந்தன. அணை முடிவதற்குள் கோப்பிப் பயிர் நோய்கண்டு அழிந்தது வேறு கதை. அதன் இடத்துக்கு வந்த தேயிலையும் அதே தண்டவாளத்தின் வழியாகத்தான் இறங்கி வந்தது.

திருகோணமலைக்குப் புகையிரதம் போய்ச் சேர்ந்ததோ 1920-களின் பிற்பகுதியில். அத்துறைக்குப் பின்னால் நெடுந்தூரம் காடும் பழைய குளங்களுமே இருந்தன. கடற்படைக்கு அது குறையாகப் படவில்லை. 1957 வரையில் பிரித்தானியக் கடற்படை அங்கே சுகமாகத் தங்கியிருந்தது. வணிகக் கப்பலுக்கு அது போதாது. பிற்காலத்தில் சீனக்குடாவிலே பெரிய மாவாலை ஒன்று எழுந்து, கப்பலில் வரும் கோதுமையை அரைத்து நாடெங்கும் அனுப்பத் தொடங்கிய பின்னரே அக்குடாவின் ஒரு மூலை வணிகத் துறைமுகம் என்ற பெயருக்கு உரியதாயிற்று.

எமது முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களை எண்ணிச் செல்லும் புலவர், கடல்வழி வந்த குதிரைகளைச் சொன்ன வாயாலேயே நிலவழி வந்த மிளகு மூடைகளையும் சொல்கிறார். சுங்கம் கொள்வோர் புலி முத்திரையிட்டுக் குவித்த மூடைகளைப் படிக்கும் நாம், அம்மூடைகளை ஏற்றிவந்த வண்டிகளின் தடத்தைக் கவனியாமற் கடந்துவிடுகிறோம். இலக்கிய ஆசிரியர் அதனை அணியென்று விளக்குவார். புவியியல் படிப்பிக்கும் எமக்கு அது துறைமுக இலக்கணமாகத் தோன்றுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவரைக் கல்விச் சுற்றுலாவிற் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். முன்னாளில் அத்துறையிற் கப்பல்கள் அணைக்குள்ளே நீரில் நிற்க, சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கரைசேர்ப்பார்கள். கப்பலிலிருந்து தோணி, தோணியிலிருந்து கரை, கரையிலிருந்து பண்டகசாலை என மூன்று முறை ஒரே மூடையைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு தூக்கிலும் கூலி, நேரம், நனைவு, களவு. கப்பல் நேரே வந்து அணையத்தக்க எலிசபெத் மகாராணி இறங்குதுறை 1954-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1958-ம் ஆண்டில் சரக்கேற்றி இறக்கும் தொழில் அரசுடைமையாயிற்று. அதன் பின்னர் வந்தது கொள்கலன். இருபதடி நீளமான இரும்புப் பெட்டியொன்று மூடையையும் தோளையும் ஒருங்கே அகற்றிவிட்டது. இன்று தென் துறைமுகத்தில் 18 மீற்றர் ஆழமான நீரிற் பெருங்கப்பல்கள் வந்து அணைகின்றன. 2023-ம் ஆண்டிற் கொழும்பு கையாண்ட அளவு, இருபதடிப் பெட்டிக் கணக்கில், ஏறத்தாழ 70 இலட்சம்.

அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு எம் மண்ணை மிதிப்பதேயில்லை என்று சொன்னபோது மாணவர் வியந்தனர். பெருங்கப்பலில் வந்து, முற்றத்திற் சில நாள் தங்கி, சிறுகப்பலில் ஏறி இந்தியாவுக்கோ வங்காள தேசத்துக்கோ போய்விடுகின்றன. “அப்படியென்றால் சேர், பின்னாலே தெரு இல்லாமலும் துறைமுகம் நடத்தலாம்தானே?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல மறுப்பு. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான பெருங்கப்பற் பாதை இத்தீவின் தெற்கே அண்மையாகச் செல்வதனால் கொழும்புக்கு அது வாய்த்தது. ஆனால், அப்பாதைக்கு மிக அண்மையில் 2010-ம் ஆண்டு திறக்கப்பட்ட அம்பாந்தோட்டையில், நெடுங்காலம் கப்பலைவிட்டுக் கப்பலேறும் மோட்டார் வண்டிகளே பெரும்பங்கு வேலையாக இருந்தன. ஆழமும் அண்மையும் மாத்திரம் போதா என்பதற்கு அதுவே சான்று. வழியில் வண்டியை நிறுத்துபவன் ஆளில்லாச் சந்தியிலா, கடையும் கிணறுமுள்ள சந்தியிலா நிறுத்துவான்?

இவ்வளவும் நாம் எழுதுவது காங்கேசன்துறையை மனத்தில் வைத்துத்தான். யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலும் மேடைகளிலும் அத்துறையை இன்னொரு கொழும்பாக்குவோம் என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடல். பெருங்கப்பற் பாதை அவ்வழியே இல்லை, வரப்போவதும் இல்லை. ஆகவே அப்பேச்சை நாம் பொருட்படுத்துவதில்லை. சிறுகப்பல்கள் வந்துபோகும் நல்ல துறையாக அது விளங்கலாமா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

ஒருகாலத்தில் அவ்வாறு விளங்கியதுண்டு. மாவிட்டபுரத்துக் காங்கேயன் திருவுருவம் வந்திறங்கியதால் அப்பெயர் பெற்றதென்பர். வடபகுதிப் புகையிரதப் பாதையின் முதற்பகுதி 1902-ம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, அது கொழும்புடன் தொடர்பில்லாமல், காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையில் தனித்தே ஓடிற்று. தெற்கேயிருந்து வந்த பாதை 1905-ம் ஆண்டில் அதனுடன் இணைந்தது. 1950-ம் ஆண்டிற் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. சுண்ணாம்புக்கல் காலடியிலேயே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. சீமெந்து தெற்கே போயிற்று. வரும் வண்டிக்கும் சுமை, போகும் வண்டிக்கும் சுமை. அத்துறையின் நற்காலம் எதுவென்று கேட்டால் அதுவே என்போம். எனினும் அக்கல்லை அகழ்ந்த பள்ளங்களை இன்றுங் காணலாம். கிணற்று நீரையே நம்பி வாழும் குடாநாட்டில் மீண்டும் அவ்விதம் அகழ்வதற்கு எமது சம்மதம் இல்லை.

1990-ம் ஆண்டில் ஆலை நின்றது, வண்டி நின்றது, சுற்றியிருந்த ஊர்கள் குடிபெயர்ந்தன. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அக்காலத்திற் பள்ளிச்சிறுவராயிருந்த எமக்குத் துறைமுகம் என்பது சங்கக்கடை வாசலில் அறியப்பட்ட பொருள். செஞ்சிலுவைக் கொடியுடன் பருத்தித்துறைக் கடலுக்குக் கப்பல் வந்துவிட்டது என்ற செய்தி பரவியதும் அம்மா கூப்பன் அட்டையைத் தேடி எடுப்பார். சீனி எவ்வளவு, மா எவ்வளவு என்பது கப்பலைப் பொறுத்தது. மண்ணெண்ணெய் கிடையாத இரவுகளில், ஜாம் போத்தல் விளக்கில் திரியைக் குறைத்துவைத்துப் படித்தோம். 2006-ம் ஆண்டு ஆகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டபோது நாம் இளம் ஆசிரியர். மறுபடியும் கப்பலை எதிர்பார்த்திருக்கும் நாள்கள் வந்தன. தெருவழி அடைபட்டால் கடல்வழி, கடல்வழி கொந்தளித்தால் தெருவழி என இரண்டும் திறந்திருக்கவேண்டும் என்பது எம்போன்றோருக்கு வயிற்றினால் அறிந்த பாடம்.

போர் ஓய்ந்தபின் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கலங்கள் இந்திய உதவியுடன் அகற்றப்பட்டன. 2015-ம் ஆண்டு ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2018-ம் ஆண்டில் துறைமுகப் புனரமைப்புக்குக் கடனாக உடன்பட்ட உதவியை, 2024-ம் ஆண்டில் 6 கோடி டொலருக்கு மேற்பட்ட நன்கொடையாகவே தர இந்தியா முன்வந்தது. 2023-ம் ஆண்டு ஒக்டோபர் 14-ம் திகதி நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. சில நாள்களுக்குள் வாடைப் பருவத்தை முன்னிட்டு நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நாகபட்டினத்துக்குக் கடல்வழித் தூரம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். கொழும்புக்குத் தெருவழித் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இக்கணக்கை வகுப்பில் எழுதினாற் பிள்ளைகள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவர். தூரத்தால் மட்டும் கூலி தீர்வதில்லை என்பதை அவர்களுக்கு விளங்கவைப்பது கடினம்.

எமக்கே அதனை விளங்கவைத்தவர் லொறி வைத்து ஓட்டும் அயலவர் ஒருவர். ஒருநாள் படலையடியிற் கண்டு இதுபற்றிப் பேசினோம். “மாஸ்டர், இஞ்ச கொண்டுவரச் சாமானுக்குக் குறைவில்லை. திரும்பிப் போகேக்கை ஏத்தச் சாமான் வேணுமே! வெங்காயக் காலத்திலை சரி, மற்ற நாளிலை அரைவாசி லொறி காத்துத்தான்” என்றார். வெறுமையாகத் திரும்பும் லொறியின் செலவு, நிறைந்து வந்த லொறியின் சீனியிலும் பருப்பிலும் ஏறிவிடுகிறது. கப்பலுக்கும் இதுவே விதி. ஆயிரந் தொன் ஏற்றிவந்து வெறும் வயிற்றுடன் திரும்பவேண்டிய துறைக்கு எந்தக் கப்பற்காரனும் இருமுறை வரமாட்டான்.

ஆகையால், ஆழமாக்குவதையும் அணையைத் திருத்துவதையும் பற்றி மட்டும் பேசுவோரிடம் எமக்குச் சில கேள்விகள் உண்டு. இறங்குதுறைக்குள்ளேயே தண்டவாளம் வருமா? நிலையம் மிக அண்மையில் இருக்க, மூடையை மீண்டும் லொறியில் ஏற்றிக் கொண்டுபோவது பழைய தோணிக் கதையாக முடியுமே. மீனுக்கும் பழத்துக்கும் குளிர்ச்சாலை உண்டா? அதே துறையிற் சுங்க அதிகாரியும் பயிர்நோய் பார்க்கும் அதிகாரியும் நாள்தோறும் இருப்பார்களா, அன்றேல் ஒரு கையெழுத்துக்காகப் பெட்டி கொழும்புவரை போகவேண்டுமா? பக்கத்திலே மயிலிட்டி இருக்கிறது. 1990-ல் ஊரைவிட்டுப் போய், 2017-ல் துறை விடுவிக்கப்பட்ட பின்னர் வலையும் படகுமாக மீண்ட மீனவர்க்கு, கப்பல் வரும் பாதையில் வலை அறுந்தால் யார் பொறுப்பு? கடைசிக் கேள்வியை மேடைகளில் எவரும் கேட்க நாம் கண்டதில்லை.

சென்ற தவணையில் மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டுக்குள் வரும் பொருள்கள் எந்த வழியாக வருகின்றன என்று ஒரு பட்டியலும், எம் பகுதியிலிருந்து வெளியே போகும் பொருள்கள் எவை என்று இன்னொரு பட்டியலும் எழுதிவரச் சொன்னோம். முதற் பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது. அரிசி கிளிநொச்சி, மா திருகோணமலை, பால்மா, பருப்பு, சீனி, மருந்து, கைத்தொலைபேசி எல்லாம் கொழும்பு. காங்கேசன்துறை என்று ஒருவரும் எழுதவில்லை. இரண்டாவது பட்டியல் பலரிடத்தில் ஆறேழு வரிகளுடன் நின்றுவிட்டது. சின்ன வெங்காயம், புகையிலை, பீற்றூட், முந்திரிகை, நண்டு, கடலட்டை, பனம்பொருள்கள். ஒரு மாணவன் தன் பட்டியலின் அடியில் “எங்கள் அண்ணன்” என்று எழுதியிருந்தான். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான்.

இவ்வாண்டு அந்த இரண்டாவது பட்டியலையே மேலும் விரித்து எழுதச் சொல்லியிருக்கிறோம். எப்பொருள் எம்மாதத்தில் விளைகிறது, எத்தனை நாள் கெடாமலிருக்கும், பெட்டியில் அடைக்கலாமா, யார் வாங்குவர் என்பனவும் அதிற் சேரவேண்டும். வெங்காயத்தை எடுத்துக்கொண்ட குழுவினர் லொறிக்கார அயலவரிடம் போய்க் கணக்குக் கேட்டு வந்திருக்கின்றனர். கடலட்டையை எடுத்துக்கொண்டோர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை.