அறுபது நிமிஷச் சிறைவாசம்

காசு கொடுத்து யாராவது சிறைக்குப் போவார்களா என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். லண்டனில் போகிறார்கள்! ஓர் அறைக்குள் ஐந்தாறு பேரை விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். உள்ளே ஒளித்து வைத்திருக்கும் புதிர்களை அவிழ்த்து அறுபது நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். 'எஸ்கேப் ரூம்' என்று பெயர். 2007-ல் ஜப்பானிலுள்ள கியோட்டோவில் ஆரம்பித்த இந்த விளையாட்டு இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது.

நான் போன இடத்தில் இரண்டாவது உலக யுத்தம்தான் கதை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, மேஜைமேல் பழைய டைப்ரைட்டர், சுவரில் ஐரோப்பாவின் படம், மூலையில் ஒரு ரேடியோப் பெட்டி. எதிரியின் சங்கேதச் செய்தியை உடைத்தால்தான் கடைசிப் பூட்டு திறக்கும். ஒன்றும் இரண்டுமாக வந்தவர்களைச் சேர்த்து ஒரு கோஷ்டியாக்கினார்கள். ஸ்பெயின் தேசத்து இளம் தம்பதி, ஒரு கல்லூரி மாணவன், எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேய அம்மாள், ஐந்தாவதாக நான்.

முதல் இருபது நிமிஷம் வீணாகப் போயிற்று. காரணம் என்ன தெரியுமா? மரியாதை! ரெயிலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்களைப் போலப் புன்னகை செய்துகொண்டு, ஆளுக்கொரு மூலையைத் துழாவிக்கொண்டிருந்தோம். மாணவனிடம் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணுக்கு உரிய பூட்டு ஸ்பெயின் பெண்ணிடம் இருந்தது. இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"குழந்தைகளே, கையில் கிடைத்ததை உரக்கச் சொல்லுங்கள்!" என்று அதட்டினார் அந்த அம்மாள்.

அப்புறம் ஒரே அமளி! பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசியில் சங்கேதக் காகிதம் அகப்பட்டது. அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதில் எந்த எழுத்து இல்லை, பாருங்கள்" என்றார். 'எல்' என்ற எழுத்து ஓரிடத்திலும் இல்லை. அதுதான் விடை. நாலு நிமிஷம் மிச்சம் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

இந்தப் புதிர் வெறும் கற்பனை அல்ல. யுத்தத்தில் ஜெர்மானியரும் இத்தாலியரும் உபயோகித்த எனிக்மா யந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்த எழுத்தை அழுத்தினாலும் அதே எழுத்து திரும்பி வராது. பிளெச்லி பார்க் என்ற ரகசிய நிலையத்தில் 19 வயதில் வேலைக்குச் சேர்ந்தவள் மேவிஸ் லீவர். ஒரு நாள் அவளிடம் வந்த இத்தாலியச் செய்தியில் 'எல்' இல்லவே இல்லை. சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னதற்கு யாரோ ஒரு சோம்பேறி 'எல்'லையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறான் என்று ஊகித்துவிட்டாள்! 1941 மார்ச்சில் மட்டபான் கடற்போரில் பிரிட்டிஷார் ஜெயித்ததற்கு உதவிய செய்தியை உடைத்ததிலும் அவளுக்குப் பங்கு உண்டு.

இதையெல்லாம் சொன்ன அம்மாளிடம், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவருடைய தாயாரும் அங்கே வேலை பார்த்தவராம். 'யுத்தத்தில் ஏதோ ஆபீஸ் வேலை' என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாராம். 1974-ல் ஒரு புத்தகம் மூலம் ரகசியம் ஊருக்குத் தெரிந்தபோது, மகள் ஓடிப்போய்க் கேட்டாள். "ஆமாம், அங்கேதான் இருந்தேன். தேநீர் ஆறிப்போகிறது, குடி" என்று மட்டும் தாயார் சொன்னாராம்.

மறுநாளே யூஸ்டன் ஸ்டேஷனில் ரெயிலேறிப் பிளெச்லிக்குப் போனேன். லண்டனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். இப்போது அது காட்சிசாலை. ஏரிக்கரையில் ஒரு பங்களா. சுற்றிலும் மரக் குடில்கள். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் இங்கும் இதன் கிளைகளிலுமாகச் சுமார் 9,000 பேர் வேலை செய்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆலன் டூரிங், கார்டன் வெல்ச்மன் ஆகியோர் அமைத்த 'பாம்ப்' யந்திரங்களின் முன்னால் இரவும் பகலும் முறைபோட்டு நின்றவர்கள் கடற்படைப் பெண்கள்தாம். தம் கைவேலை எந்தக் கப்பலைக் காத்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பக்கத்துக் குடிலில் என்ன நடக்கிறதென்று கேட்கவும் கூடாது.

நாங்கள் ஐந்து பேரும் கூச்சல் போட்டதால் ஜெயித்தோம். அவர்களோ பேசாமலிருந்தே ஜெயித்தார்கள். யுத்தம் முடிந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கணவனிடம்கூட மூச்சுவிடவில்லை. பெண்கள் வாயில் ரகசியம் தங்காது என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால், சகோதரிகளே, பதிலுக்கு ஒரு புன்னகை போதும். தேநீரை மட்டும் ஆறவிடாதீர்கள்!