சிவப்பில் நிற்கும் சைக்கிள்

சிவப்பு விழுந்தால் பேருந்து நிற்கிறது, கார் நிற்கிறது, பைக் நிற்கிறது, சைக்கிளும் நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே விளக்கு, ஒரே காத்திருப்பு. இதில் யாருக்கும் குறை இருக்க நியாயமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் நின்று புறப்படுவதற்கு ஆளுக்கு ஆள் கொடுக்கும் விலை வேறு. கார் ஓட்டுபவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைக்கிறார். பைக்காரர் மணிக்கட்டைத் திருகுகிறார். மிச்சத்தை இன்ஜின் பார்த்துக்கொள்கிறது. சைக்கிள்காரர் மட்டும்தான் இழந்த வேகத்தைத் தன் தொடையிலிருந்து மறுபடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்குச் சிக்னல் தின்பது நேரத்தோடு சேர்த்து உடம்பையும்தான். நம் ஊர்ச் சிக்னல்களின் நேரக்கணக்கில் இந்த உடம்புக்கு இடமில்லை. இடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரையிலும் கொடுத்த பிறகும் சைக்கிள்காரர் சிவப்பில் நிற்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களே அதிகம் என்பதால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த விலை எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் உள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 740 ஜூல். பிரேக் பிடித்தால் அத்தனையும் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாகிப் போய்விடுகிறது. சமதளத்தில் சாதாரண சைக்கிளை இதே வேகத்தில் மிதித்துப் போக 50, 60 வாட் போதும். ஆகவே ஒருமுறை முழுதாக நின்று புறப்படுவது, 50, 60 மீட்டர் கூடுதலாக மிதிப்பதற்குச் சமம். தூரமாகப் பார்த்தால் இது பெரிதில்லை. ஆனால் அதை ஐந்தாறு விநாடிக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் காலுக்கு விழும் வேலை, ஓட்டத்தில் இருக்கும்போது விழுவதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. இதில் சுமையைச் சேர்த்துப் பாருங்கள். நிரம்பிய வீட்டு கேஸ் சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. கேரியரின் இருபுறமும் ஒவ்வொன்று தொங்கவிட்டவர் பச்சை விழுந்ததும் என்ன செய்கிறார் என்று கவனித்தால் தெரியும்: சீட்டை விட்டு எழுந்து, முழு எடையையும் ஒரு பெடலின் மேல் போட்டு, ஹேண்டில்பார் இடமும் வலமும் ஆட, முதல் சுற்றை முடிக்கிறார். அந்த சைக்கிளுக்கு கியர் கிடையாது. பின்னால் ஹாரன் அடிப்பவருக்கு அது சோம்பல் போலத் தெரிகிறது. அந்தச் சாலையில் அந்த நொடியில் அவரளவுக்கு உழைப்பவர் வேறு யாரும் இல்லை.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியரான ஜோயல் ஃபஜன்ஸும் மெலனி கரியும் 2001இல் ‘ஆக்சஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். நின்று போகச் சொல்லும் பலகைகளைச் சைக்கிள்காரர்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே முழுதாக நிற்காமல் மணிக்கு 5 மைல் வேகத்துக்கு இறங்கி, மறுபடி 10 மைலுக்கு ஏறினால், நின்று புறப்படுவதைவிடக் கால்பங்கு ஆற்றல் மிச்சமாகிறது. சைக்கிள்காரர் சந்திப்பை நெருங்கும்போது காலைத் தரையில் வைக்கத் தயங்குவது ஒழுங்கீனத்தால் மட்டுமே வருவதில்லை. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு இருப்பதால் செயல் சரியாகிவிடாது. ஆனால் காரணத்தை ஒப்புக்கொள்ளாமல் பழியை மட்டும் போட்டால் திருத்தம் ஒன்றும் பிறக்காது.

சிக்னல் பிறந்தபோது அது மோட்டாருக்காகப் பிறக்கவில்லை. 1868 டிசம்பரில் லண்டன் பாராளுமன்றத்துக்கு அருகே, கேஸ் விளக்கோடு முதல் சிக்னல் நடப்பட்டபோது சாலையில் ஓடியவை குதிரை வண்டிகள். கார் வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. நடந்து போகிறவர் தெருவைக் கடக்கட்டும் என்பது அதன் முக்கியமான நோக்கம். பிறகு மோட்டார் பெருகியது, எண்ணும் முறையும் அதற்கேற்ப அமைந்தது. நம் நாட்டில் நகரச் சாலைகளின் கொள்ளளவைக் கணக்கிட இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட வழிகாட்டி, எல்லா வண்டிகளையும் காராக மாற்றி எண்ணச் சொல்கிறது. கார் 1 என்றால், சாலையில் அந்தந்த வண்டியின் பங்கைப் பொறுத்துச் சைக்கிள் 0.4 அல்லது 0.5, பேருந்து 2.2 அல்லது 3.7. சாலையில் எவ்வளவு இடம் அடைபடுகிறது என்று அளக்க இது பயன்படும் கருவிதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பச்சையின் நீளத்தை இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்கும்போது, பேருந்தில் இருக்கும் ஐம்பது பேரும் கணக்கில் வருவதில்லை, சைக்கிளை மிதிக்கும் ஒருவரின் காலும் வருவதில்லை. யார், எத்தனை வேகத்தில், எவ்வளவு நேரத்தில் சந்திப்பைக் கடந்து முடிப்பார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

அந்தக் கேள்வி எழாததால் என்ன ஆகிறது என்பதைச் சென்னையின் நூறடிச் சாலையில் வைத்துப் பார்க்கலாம். நூறடி என்றால் முப்பது மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் பைக் அதை மூன்று விநாடிக்குள் தாண்டிவிடும். 15 கிலோமீட்டரில் வரும் சைக்கிளுக்கு ஏழு விநாடிக்கு மேல் ஆகும். மஞ்சள் பொதுவாக மூன்று விநாடி. அதற்குப் பின் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளி, இருந்தால், ஓரிரு விநாடி. பச்சையின் கடைசி நொடியில், சட்டப்படி, எந்தத் தவறும் செய்யாமல் உள்ளே நுழைந்த சைக்கிள்காரர் ஐந்து விநாடி முடியும்போது இருபது மீட்டரில் இருப்பார். மீதி பத்து மீட்டர் அவருக்கு முன்னே கிடக்கும்போது குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்துவிடும். விழுவதற்கு முன்பே வண்டிகள் புறப்பட்டுவிடுவதும் உண்டு. சிவப்பின் மிச்ச விநாடிகளைக் காட்டும் எண் ஓடுகிற இடங்களில், மூன்று என்று வந்ததும் முன்வரிசை டூவீலர்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த வரிசைக்கு எதிரே நடுச் சந்திப்பில் மாட்டிக்கொண்ட சைக்கிள்காரரைப் பார்ப்பவர்கள் “சிக்னலை மதிக்காமல் வந்துவிட்டார்” என்றே நினைப்பார்கள். மதித்துத்தான் வந்தார், அவர் கடந்து முடிக்கும் அளவுக்கு விளக்கு காத்திருக்கவில்லை.

கடப்பதில் இருக்கும் சிக்கல் நிற்பதிலும் இருக்கிறது. சைக்கிள் இடது ஓரத்தில் போக வேண்டும் என்பது பழக்கம். சிவப்பிலும் இடது திரும்பலாம் என்ற ‘ஃப்ரீ லெஃப்ட்’ உள்ள சந்திப்பில் இடது ஓரம் நிற்காமல் ஓடும் பாதை. நேராகப் போக வேண்டிய சைக்கிள்காரர் அங்கே சிவப்புக்காக நின்றால், இடது திரும்ப வருகிறவர்கள் எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். அதற்குப் பயந்து வலதுபக்கம் தள்ளி நின்றால், இடப்புறம் திரும்பும் ஓட்டத்துக்கும் நேராகப் போகும் ஓட்டத்துக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பேருந்தின் இடப்பக்கத்தில், முன்சக்கரத்தை ஒட்டி நின்றாலோ, ஓட்டுநரின் கண்ணுக்கே அவர் தெரிவதில்லை; பேருந்து இடது திரும்பினால் ஒதுங்கவும் இடமில்லை. வலது திரும்ப வேண்டியவரின் பாடு இன்னும் மோசம்: பல வரிசை வாகனங்களைக் குறுக்கே வெட்டித்தான் நடுச்சாலைக்கு வர முடியும். பழக்கம் அவரை ஓரத்தில் போகச் சொல்கிறது. அந்த ஓரத்தில் நிற்க அவருக்கு ஓரடி இடமும் சந்திப்பில் ஒதுக்கப்படவில்லை.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. கோபன்ஹேகனின் நோரெப்ரோகேட் சாலையில் சிக்னல்களை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கோர்த்திருக்கிறார்கள். காலையில் ஊருக்குள் வருகிறவரும் மாலையில் வெளியே போகிறவரும் சீராக மிதித்தால் பச்சைக்குப் பின் பச்சையாகப் போகலாம். டென்மார்க்கில் எதிர் ஓட்டத்தை வெட்டித் திரும்ப வேண்டிய சைக்கிள்காரர் முதலில் நேராகக் கடந்து, எதிர்மூலையில் நின்று, அடுத்த பச்சையில் திரும்பிப் போகிறார். சாலையின் நடுவுக்கு வரவேண்டிய தேவையே இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கனில் சில சந்திப்புகளில் எல்லாத் திசைச் சைக்கிள்களுக்கும் ஒரே நேரத்தில் பச்சை, மோட்டார் அனைத்துக்கும் சிவப்பு. லண்டனில் பல இடங்களில் சைக்கிளுக்குச் சில விநாடி முன்னதாகவே பச்சை விழுகிறது. தடுமாறிப் புறப்படும் அந்த முதல் சில மீட்டரை லாரி நெருங்குவதற்குள் தாண்டிவிடலாம். இவற்றில் எதற்கும் பாலம் கட்ட வேண்டியதில்லை, நிலம் எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நேரத்தை மாற்றி எழுதுவதும், கோடு போடுவதும், கூடுதலாக ஒரு சிறு விளக்கு மாட்டுவதும்தான்.

“சைக்கிள்காரர்கள் முதலில் சிக்னலை மதிக்கட்டும், பிறகு சலுகை கேட்கட்டும்” என்பது வழக்கமாக வரும் மறுப்பு. மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சிவப்பில் நுழையும் சைக்கிள் நடந்து கடக்கும் முதியவரையும் குழந்தையையும் பயமுறுத்துகிறது. அவர்கள் சைக்கிள்காரரைவிட எளியவர்கள். ஆனால் சைக்கிள்காரர்கள் யாருமே நிற்பதில்லை என்பது உண்மையல்ல. லண்டன் போக்குவரத்துத் துறை 2007இல் வெளியிட்ட கணக்கில், சிவப்பைத் தாண்டிய சைக்கிள்காரர்கள் 16 விழுக்காடு, பெரும்பான்மையினர் நின்றார்கள். தவிரவும், இங்கே கேட்பது நல்ல நடத்தைக்கான பரிசு அல்ல. சந்திப்பை உயிரோடு கடந்து முடிக்கும் அளவுக்கு நேரம் கேட்கிறோம். பைக்காரர்களில் பலர் ஹெல்மெட் போடுவதில்லை என்பதற்காக யாரும் அவர்களுக்கான பச்சையைக் குறைப்பதில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்து எதிர்மாறான கேள்வி வரும்: அப்படியென்றால் சைக்கிளுக்கு விலக்கே கொடுத்துவிடலாமே? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதலே சைக்கிள்காரர் ‘நில்’ பலகையை ‘வழிவிடு’ பலகையாக எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு விளக்கில் நின்று, பார்த்து, வழி இருந்தால் போகவும் அனுமதி உண்டு. பாரிஸிலும் சில சந்திப்புகளில், நடப்பவருக்கு வழிவிட்டு, சிவப்பிலேயே வலப்புறம் திரும்பலாம். நம் ஊரில் இதை நான் கேட்கமாட்டேன். ஐடஹோவின் விரிந்த சாலைகள் வேறு. இங்கே குறுக்குச் சாலையில் ஓட்டம் எப்போது விடும் என்று பார்த்து முடிவு செய்ய இடைவெளியே கிடைப்பதில்லை. சைக்கிள் போனால் அதன் பின்னாலேயே பைக் போகும், பைக்கின் பின்னால் ஆட்டோ போகும். விலக்கு என்ற பெயரில் எளியவரை ஓட்டத்தின் நடுவே அனுப்புவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. நமக்கு வேண்டியது சிவப்பிலிருந்து விடுதலை அல்ல. பச்சையில் நியாயமான பங்கு.

“இப்போது யார் சைக்கிளில் போகிறார்கள்? சிலருக்காக ஆயிரம் பேரை நிறுத்தி வைப்பதா?” என்பதும் கேட்கப்படும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் சைக்கிளில் போனார்கள். காவலாளி, கொத்தனார், கடைப் பையன், பேப்பர் போடுபவர் என்று அவர்களுடைய வேலைகளைச் சொன்னாலே, குரல் ஏன் மேலே எட்டவில்லை என்பது புரியும். தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கும் 11ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு ஆண்டுதோறும் விலையில்லா சைக்கிள் தருகிறது. தந்த சைக்கிளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியில் உள்ள சந்திப்பும் அதே அக்கறையோடு அமைய வேண்டாமா? நேரத்தைப் பொறுத்தவரை, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளியை இரண்டு, மூன்று விநாடி கூட்டினால் மோட்டாருக்கு ஆகும் இழப்பு அவ்வளவே. சைக்கிளுக்கென்று முன்னே கட்டம் வரைந்தால் அதை டூவீலர்கள் நிரப்பிவிடும் என்பார்கள், உண்மைதான். அதனால்தான் பெயிண்டை நம்புவதைவிட நேரத்தை நம்பலாம் என்கிறேன். கூட்டிய விநாடியை அவ்வளவு எளிதில் ஆக்கிரமிக்க முடியாது.

காத்திருக்கும் உடம்பை அரசு கவனித்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 கோடையில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சில சிக்னல்களில் பச்சை நிழல்வலைப் பந்தல் போட்டார்கள். வெயிலில் நிற்பவரின் துன்பம் சாலை அமைப்பில் சேர வேண்டிய விஷயம் என்று அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2014இல், நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றது. கொள்கை காகிதத்திலிருந்து சந்திப்புக்கு வர வேண்டும். பள்ளிகளையும் தொழிற்பேட்டைகளையும் ஒட்டிய சிக்னல்களிலிருந்து தொடங்கலாம்: சைக்கிளின் வேகத்தை வைத்து இடைவெளியைக் கணக்கிடுங்கள், புறப்படச் சில விநாடி முன்னதாகக் கொடுங்கள், வலது திரும்புகிறவர் நிற்க மூலையில் இடம் விடுங்கள், ஃப்ரீ லெஃப்டை ஓரச் சைக்கிள் பலியாகாதபடி மாற்றுங்கள். சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தூரத்திலேயே விளக்கைப் பார்த்து மிதிப்பதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பாதி வேகத்தோடு பச்சையைப் பிடிக்கலாம். பச்சையின் கடைசி நொடியைத் துரத்தாதீர்கள். பேருந்தின் பக்கவாட்டில் நிற்காதீர்கள். ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். சிவப்பில் நில்லுங்கள். நின்று புறப்பட நீங்கள் கொடுக்கும் உழைப்பைக் கணக்கில் எடுக்கும்படி, உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் விடாமல் கேளுங்கள்.