பலகை கொஞ்சம் ஆடட்டும்

ரிச்சி தெருவின் கூட்டத்தைத் தாண்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கினால், ஒரு மாடிப்படிக்குக் கீழே அண்ணாச்சியின் பட்டறை இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இளவயதில் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாண வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டிய நாட்களில் அவரிடம் இருந்தவை எல்லாம் வால்வு ஆம்ப்ளிஃபையர்கள். டிரான்சிஸ்டர் வந்து அவற்றைக் காயலான் கடைக்குத் துரத்தியபோது, அண்ணாச்சி வால்வுகளையும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டார். இன்றைக்கு அவரைத் தேடி வருகிறவர்கள் சர்ச் பாடகர் குழுப் பையன்களும், ராக் பேண்ட் வைத்திருக்கும் கல்லூரி மாணவர்களும்தான். அவர்களுக்கு வேண்டியது கிடார் ஆம்ப்.

“மைக்செட்டுல கரகரன்னா அடிக்க வருவான் தம்பி. இங்க கரகரக்கலன்னா காசு தர மாட்டேங்கான்” என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தொழிலே அதற்குள் இருக்கிறது. மற்ற எல்லா ஒலிக்கருவிகளும் உள்ளே வந்ததை மாற்றாமல் பெரிதாக்கி வெளியே அனுப்ப வேண்டும். கிடார் ஆம்ப் மட்டும் மாற்ற வேண்டும், அதுவும் அளவாக. கிடார்காரர்கள் இதற்காகப் படாத பாடு பட்டிருக்கிறார்கள். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கீறிவிட்டு, அந்தக் கிழிசல் ஒலியோடே ஒரு பாட்டைப் பதிவு செய்தார்.

அண்ணாச்சி செய்வது 1950களின் ஃபெண்டர் சாம்ப் வகை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டரின் கம்பெனி போட்ட சர்க்யூட். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, மின்சாரத்தை நேராக்க ஒரு 5ஒய்3. மூன்றே வால்வு, சுமார் 5 வாட். “அடுத்தவன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்வதுதானே” என்று இளக்காரமாக நினைக்கலாம். 1962வாக்கில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் செய்ததும் அதைத்தான். ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்து, தங்கள் ஊரில் கிடைத்த சாமான்களைப் போட்டுச் செய்தார்கள். சாமான் மாறியதால் சத்தமும் மாறியது. அந்த மாறிய சத்தம்தான் பிறகு மார்ஷல் என்ற பெயரில் உலகமெங்கும் கேட்டது.

சிந்தாதிரிப்பேட்டையிலும் எல்லாமே ஊர்ச் சாமான்தான். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த வால்வுகள் பழைய மைக்செட்டுகளிலிருந்து இன்னும் கிடைக்கின்றன. புதிதாக வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ வரவழைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பக்கத்துச் சந்திலேயே காயில் சுற்றும் ஒருவரிடம். ஃபேன், மோட்டார், ஸ்டெபிலைசர் எல்லாம் சுற்றுகிற கை அது. எனாமல் கம்பியை ஒரு அடுக்கு சுற்றிக் காகிதம் வைத்து அடுத்த அடுக்குக்குப் போகிறார். அந்த வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை.

இரும்புத் தகடு அடுக்கும் இடத்தில்தான் அவருக்கும் அண்ணாச்சிக்கும் தகராறு. ‘இ’ வடிவத் தகட்டையும் ‘ஐ’ வடிவத் தகட்டையும் மாற்றி மாற்றிச் செருகி, இடைவெளியே இல்லாமல் இறுக்குவதுதான் அவர் பழகிய நேர்த்தி. இந்த ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ‘இ’ எல்லாம் ஒரு பக்கம், ‘ஐ’ எல்லாம் ஒரு பக்கம், நடுவில் மெல்லிய காகிதம். ஒற்றைப் பவர் வால்வுக்குப் போகும் நேர்மின்சாரம் முழுக்க இந்தக் காயில் வழியாகவே ஓடுகிறது. இடைவெளி விடாவிட்டால் இரும்பு காந்தத்தால் நிறைந்துபோய், பாட்டுக்கு அதில் இடமிருக்காது. காயில்காரர் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் தன் கடைப் பெயர் ஒட்டும் சீட்டை அதில் ஒட்ட மறுத்துவிட்டார்.

அலுமினியச் சேஸிஸில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களையும் எங்கே உட்கார வைப்பது என்று அண்ணாச்சி பார்க்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிறார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பியில் ஒரு ஹெட்போனை மாட்டிக் காதில் வைத்துக்கொள்கிறார். இரண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது, ஆனாலும் ‘ம்ம்ம்’ என்று கேட்கிறது. ஒன்றின் காந்தம் மற்றதைத் தொடுகிறது. அவுட்புட்டை மெல்லத் திருப்பத் திருப்ப அந்த இரைச்சல் தேய்ந்து, ஓரிடத்தில் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அங்கே பென்சிலால் கோடு போடுகிறார். ஹெட்போனை என் காதிலும் வைத்துத் திருப்பச் சொன்னார். ஒரு விரற்கடை தள்ளினாலும் இரைச்சல் திரும்பிவிடுகிறது.

பிறகு பற்றவைப்பு வேலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பொறுமைதான். சொல்ல வேண்டியது ஆபத்தைப் பற்றி. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே விரல் உள்ளே போகிறது. அப்போதும் அண்ணாச்சியின் இடது கை முதுகுக்குப் பின்னால்தான். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். ஸ்பீக்கரை மாட்டாமல் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தானே பொசுங்கிவிடக்கூடும் என்பதையும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

வால்வில் பாட்டுக் கேட்டால் தேன் ஒழுகும் என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. விலையை ஏற்ற அது நல்ல பேச்சு, அவ்வளவுதான். கிடார் விஷயம் வேறு, இங்கே ஆம்ப்பும் வாத்தியத்தில் ஒரு பாதி. தந்தியை மெதுவாக மீட்டினால் சுத்தமாகப் பேசுகிறது. அழுத்தி மீட்டினால் வால்வு தன் எல்லையைத் தொட்டு, அலையின் உச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிறது. இந்த ஒற்றை வால்வு முறையில் அலையின் ஒரு பக்கம் முதலில் தட்டையாவதால், மீட்டிய ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயி ஸ்வரமும் சேர்ந்து எழும்புகிறது. காது அதைப் பழுதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒலி தடித்துவிட்டது என்றுதான் நினைக்கிறது.

பெட்டி செய்கிறவர் கதவு, பூஜை ஸ்டாண்ட் செய்யும் ஆசாரி. மரம் பைன், வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பேக்கிங் பெட்டிகளைப் பிரித்த பலகை. ஆணித் துளைகளையும் கணுக்களையும் தவிர்த்து வெட்டுகிறார். மூலைகளில் ஆணியே இல்லை. பல் பல்லாக உளியால் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஃபெவிகால் தடவிக் கொட்டாப்புளியால் தட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறார். இதுவரை அவருக்கு மகிழ்ச்சி. ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகைக்கு 9 மில்லிமீட்டர் பிளைவுட் போதும், மேலும் கீழும் மட்டும் ஸ்குரூ போடு, பக்கவாட்டில் விட்டுவிடு என்று அண்ணாச்சி சொன்னதும் முகம் மாறியது.

“ஆடுமே சார்.”

“கொஞ்சம் ஆடட்டும் ஆசாரி.”

கனமான, அசையாத பெட்டி வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கருக்கு. கிடார் பெட்டி லேசாக இருக்க வேண்டும், பலகையும் ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிர வேண்டும். பின்பக்கம் பாதி திறந்தே இருக்கும். வால்வின் சூடு வெளியேறவும் வேண்டும், பின்னாலிருந்து வரும் ஒலி சுவரில் பட்டு அறையெங்கும் பரவவும் வேண்டும். ரெக்ஸின் ஒட்டி முன்னால் துணி அடித்ததும், பேக்கிங் பெட்டியில் இருந்த பலகை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெட்டிக்குச் சொந்தக்காரப் பையன் கிடாரோடு வந்தான். வாசித்தபோது நன்றாகவே கரகரத்தது, அவனுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அடித் தந்தியைத் தட்டும்போது மட்டும் கூடவே ஒரு சடசடப்பு. 82 ஹெர்ட்ஸ் அதிர்வில் எதுவோ தட்டுகிறது. அண்ணாச்சி வால்வைத் தொட்டுப் பார்த்தார், ஸ்பீக்கரை அழுத்திப் பார்த்தார். கடைசியில் பின்பலகையின் விளிம்பு சேஸிஸில் உரசுவதைக் கண்டுபிடித்தார். ஆசாரிக்கு ஆள் போனது.

“இந்தக் கரகரப்பு மட்டும் வேண்டாமா சார்?” என்றார் ஆசாரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“அது சுதியோட ஏறி இறங்குது. இது சுதியைப் பார்க்காம ஒரே சத்தம் போடுது பாருங்க.”

ஆசாரி ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. விளிம்பில் ஒரு இழைப்பு இழைத்து, உரசும் இடத்தில் கம்பளித் துணிப் பட்டை ஒட்டி, ஸ்குரூக்களை முறுக்கினார். முன்பலகையின் பக்கவாட்டிலும் இரண்டு போட்டுவிடவா என்று கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றதும், வந்துபோன கூலியைத் தனியாக வாங்கிக்கொண்டு கிளம்பினார்.