மடியில் கனம்

சென்ற மாதம் எங்கள் ஏழு மாத மகளைக் காரில் ஹைதராபாத்திலிருந்து சேலத்திற்கு அழைத்துச் சென்றோம். 750 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. இடையில் அனந்தபூரில் ஓர் இரவு. தொடர்வண்டியில் இடம் கிடைக்கவில்லை. சேலத்தில் இருக்கும் என் அம்மாயிக்கு எண்பத்தெட்டு வயது; கொள்ளுப்பேத்தியை அதுவரை அவர் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தார். பயணத்திற்கு அது போதுமான காரணம். வழியில் நான் செய்த ஒரு காரியத்தைப் பின்னர் நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது, ‘நாங்களும் செய்திருக்கிறோம்’ என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

தகராறு புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆய்வுத் தோழி ஒருவர் தம் மகனுக்கு வாங்கிய குழந்தை இருக்கையை எங்களுக்குக் கொடுத்தார். (பழைய இருக்கையைப் பெறுவோர் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: அது எப்போதேனும் விபத்துக்குள்ளான காரில் இருந்ததா என்று. இருந்திருந்தால் வேண்டாம், வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம்.) காரின் பின்னிருக்கையில், குழந்தையின் முகம் பின்கண்ணாடியைப் பார்க்கும்படி அதைப் பொருத்தினோம். பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காக எங்களோடு தங்கியிருந்த அம்மா அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பச்சப் புள்ளையக் கட்டிப்போட்டா கூட்டிட்டுப் போவாங்க? எம்மடியில வெச்சுக்கறேன். உன்னைய உங்கப்பா டிவிஎஸ் அம்பதுல முன்னால நிக்க வெச்சு மேட்டூர் வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்காரு.”

உண்மைதான். இன்றும் இந்நாட்டில் எண்ணற்ற குழந்தைகள் இருசக்கர வண்டியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அமர்ந்துதான் பயணம் செய்கிறார்கள். காரும் அதற்குள் ஓர் இருக்கையும் வாய்த்தவர்களின் கவலை இது என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

நான் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பவளைப் போல அம்மாவுக்கு விளக்கினேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுபோவதாகக் கொண்டால், ஏழரைக் கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 125 கிலோவைத் தூக்குவதற்கு ஒப்பான விசை வேண்டும். எந்தக் கையும் அதைச் செய்யாது. கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் கழுத்தோ இளசு. பின்னோக்கி அமர்ந்திருந்தால் மோதலின் விசையை முதுகும் தலையும் சேர்ந்து இருக்கையின்மீது இறக்கிவிடும். முன்னோக்கி இருந்தால் கழுத்துதான் முழுவதையும் வாங்கும். சரியாகப் பொருத்திய இருக்கை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை 71 விழுக்காடு குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் செல்வோருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. இவ்வளவையும் சொன்னேன்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நா எம் பேத்திய விட்டுருவனா?”

அது இயற்பியல் பற்றிய கேள்வி அன்று. அதற்கு என்னிடம் விடை இல்லை. இருக்கையை எடுக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவரும் பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

அந்த நாட்களில் ‘மடி’ என்னும் சொல் என் மனத்தில் சுழன்றுகொண்டே இருந்தது. மடிவதால் உண்டாவது மடி. அமர்ந்தால் தோன்றி, எழுந்தால் இல்லாமற்போகும் விந்தையான உறுப்பு. பசுவின் மடி, பணமும் வெற்றிலையும் முடிந்துவைக்கும் சேலை மடிப்பு, சோம்பல், இறத்தல் என்று வேறு பொருள்களும் அவ்வடிவத்திற்கு உண்டு. ‘மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்’ என்னும் பழமொழியின் மடி அந்தச் சேலை மடிப்புதான். ஆனால் அவ்வாரத்தில் எனக்கு அது குழந்தையையே குறித்தது. தெலுங்கில் மடியை ‘ஒடி’ என்பார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாருக்குப் பணம் வழங்க ஆந்திர அரசு 2020இல் தொடங்கிய திட்டத்திற்கு ‘அம்ம ஒடி’ என்றே பெயரிட்டார்கள். பாதுகாப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் இரு மொழிகளும் மடியைத்தான் தேடிப் போகின்றன. அதற்கு எதிராக நான் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். என் இணையர் ஓட்டினார். பின்னால் அமர்ந்தால் தலைசுற்றும் என்பதால் அம்மா முன்னிருக்கையில். நான் மகளின் அருகில். வெளிவட்டச் சாலையில் ஷம்ஷாபாத் வரை சென்று 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். முன்பு 7 என்று வழங்கிய அதே சாலை. பெங்களூரு வழியாகச் சேலத்தைத் தொட்டுக் குமரி வரை போகிறது. ஜட்சர்லாவைத் தாண்டிச் சிற்றுண்டி. குழந்தையை இரண்டு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து இருக்கையில் வைக்கக் கூடாது என்பார்கள். உறங்கும்போது தலை மார்பின்மீது கவிழ்ந்தால் மூச்சுப்பாதை நெருக்கப்படும். ஆகவே அதற்கு முன்பாகவே ஒவ்வொரு முறையும் நிறுத்தி, அவளை வெளியே எடுத்துத் துணி விரித்துப் படுக்க வைத்தோம். பீச்சுபல்லியில் கிருஷ்ணையையும் கர்னூலில் துங்கபத்திரையையும் அவள் உறங்கியபடியே கடந்தாள். எல்லாம் என் திட்டப்படி நடந்தது. எனக்குச் சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

குத்தி என்னும் ஊரின் குன்றின்மேல் கோட்டை தெரிகிறதே, அதைத் தாண்டிய பிறகு அவள் அழத் தொடங்கினாள். பசி அன்று, பால் குடித்து அரைமணிதான் ஆகியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. பாட்டு, கிலுகிலுப்பை, என் விரல், எதுவும் செல்லவில்லை. அழுகை வீறிடலாக மாறியது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். வண்டியை நிறுத்தத் தோதான நிழல் எங்கும் இல்லை. சாலையோரத்தில் லாரிகள் நின்றன. இணையர் “அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துகிறேன்” என்றார். அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நான் கொக்கியைக் கழற்றி அவளை மடியில் எடுத்துக்கொண்டேன். பால் கொடுக்க வசதியாக என் பட்டையையும் கழற்றினேன். அவள் உடனே அடங்கினாள். கார் தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தது.

ஐந்து நிமிடம் இருக்கும். பாமிடிக்கு முன்பாகச் சாலைத் தடுப்பின் இடைவெளியிலிருந்து ஆட்டுமந்தை ஒன்று ஏறி வந்தது. இணையர் தொலைவிலேயே பார்த்து வேகத்தைக் குறைத்துவிட்டார். ஆயினும் கடைசி ஆடு ஒன்று திரும்பி ஓட, அவர் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டியதாயிற்று. விபத்து ஏதும் இல்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மகள் என் வயிற்றுக்கும் முன்னிருக்கையின் முதுகுக்கும் இடையில் சரிந்து சிக்கியிருந்தாள். வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தாள்.

நான் பார்த்தது என் வலக்கையை. அது அவளை விட்டுவிட்டு முன்னிருக்கையின் தலைச்சாய்ப்பைப் பற்றிக்கொண்டிருந்தது. நான் அப்படிச் செய்ய நினைக்கவில்லை. கை தானாகப் போயிருந்தது, விழுபவரின் கை போவதைப் போல. அம்மாவின் கையும் இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே பின்னோக்கி நீண்டிருந்தது. அது எங்களை எட்டவில்லை.

அனந்தபூர் விடுதியில் அறையைத் துப்புரவு செய்ய வந்த அம்மையார் மகளைக் கண்டு, “பாப்பா பாலு தாகிந்தா?” என்று கேட்டுக் கன்னத்தைத் தொட்டார். அவள் குடித்துவிட்டு உறங்கிய பிறகு என் வலக்கையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். ‘நான் விட்டுவிட்டேன் அம்மா’ என்ற அளவில்தான் சொல்ல முடிந்தது. அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “காத்தால நா பின்னால ஒக்காந்துக்கறேன்” என்றார். தலைசுற்றுமே என்றேன். எலுமிச்சம்பழம் வைத்திருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் நிகழ்ந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பின்னோக்கிய இருக்கையில் இருக்கும் குழந்தையின் முகம் அருகில் அமர்ந்திருப்பவருக்கு நேராகத் தெரியும். மடியில் வைத்திருந்தால் குழந்தையின் உச்சந்தலைதான் தெரியும். இருவரும் ஒரே திசையில் சாலையைப் பார்ப்பார்கள். அம்மா சற்றே திரும்பி அமர்ந்து பேசத் தொடங்கினார். பெனுகொண்டா, பாகேபள்ளி, சிக்கபள்ளாப்பூர் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன, அவர் நிறுத்தவில்லை. டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் ஸீடிக் 2008இல் பிரிட்டனின் தெருக்களில் குழந்தைத் தள்ளுவண்டிகளை ஆராய்ந்தார். குழந்தை தள்ளுபவரைப் பார்த்திருக்கும் வண்டிகளில் பெற்றோர் ஏறத்தாழ இருமடங்கு பேசினார்கள் என்று கண்டார். அந்த ஆய்வை நான் முன்பே படித்திருந்தேன். எங்கள் பின்னிருக்கையோடு அதை இணைத்துப் பார்க்க எனக்கு ஏனோ தோன்றவில்லை.

பழக்கதோஷத்தால் கைப்பேசியில் பதிவு செய்தேன். முன்னால் வரும் லாரி அம்மாவுக்குத்தான் தெரியும். குழந்தைக்கு அது கடந்து சென்ற பிறகே தெரியும். ஆகவே அவர் பேச்சு தானாகவே ஒரு தாளத்தில் விழுந்தது: “வருது, வருது, லாரி வருது…” பிறகு குழந்தையின் கண் பின்கண்ணாடியில் அதைப் பிடிக்கும் கணத்தில், “போயிருச்சு!” மரம் வருது, போயிருச்சு. மாடு வருது, போயிருச்சு. குழந்தைகள் முதலில் கற்கும் சொற்களில் மறைந்துபோனதைக் குறிக்கும் சொல் ஒன்று அடிக்கடி இடம்பெறுவதை ஆலிசன் காப்னிக் 1984இல் எழுதினார். கண்ணில் படாத பொருளும் இருக்கிறது என்னும் அறிவோடு அது தொடர்புடையது என்பது அவர் வாதம். தமிழில் அவ்விடத்தில் வருவது வெறும் இறந்தகாலம் அன்று. ‘போய்விட்டது’ என்பதன் ‘விடு’ பேச்சில் தேய்ந்து அங்கே நிற்கிறது. முந்தைய இரவு நான் அம்மாவிடம் சொன்ன வினையும் அதுதான்.

பிள்ளைத்தமிழ் மரபில் ஏழாம் மாதம் தால் பருவம். தால் என்றால் நாக்கு; நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள். ஓசூரை நெருங்கித் தமிழ்ப் பலகைகள் தொடங்கிய இடத்தில் மகள் நாவை மேலண்ணத்தில் ஒட்டி ‘தத்தத்தா’ என்று நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பருவத்திற்குரிய மழலைதான், வியப்பில்லை. அம்மாவோ அவள் ‘தாத்தா’ என்கிறாள் என்றார். நான் மறுக்கவில்லை.

தருமபுரியைக் கடந்ததும் மீண்டும் அழுகை. நெடுஞ்சாலையில் பயணிப்பவர்களுக்குத் தொப்பூரைச் சொல்லத் தேவையில்லை. மேட்டுநிலத்திலிருந்து சாலை வளைந்து வளைந்து இறங்கும் கணவாய். பிரேக் பிடிக்காத லாரிகள் முன்செல்லும் வண்டிகளின்மீது ஏறிய செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். கணவாய்க்கு முன்பே ஓர் இடத்தில் நிறுத்தி, பால் கொடுத்து, மீண்டும் அமர்த்தினோம். இரண்டு வளைவு இறங்குவதற்குள் மறுபடி வீறிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு கையால் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் இரு விரலை மார்புப் பட்டைக்குள் நுழைத்து இறுக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொப்பூர் எறங்கட்டும் சாமி. அம்மாயி எடுக்க மாட்டேன். அழுதுக்கோ.”

அவள் அழுதுகொண்டே இறங்கினாள். நாங்களும் அப்படித்தான்.

பிற்பகலில் வீடு சேர்ந்தோம். என் அம்மாயி திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். குழந்தையை வாங்கி, தெருவைப் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மகள் எதையோ தேடுவதுபோல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அம்மா குனிந்து அவளைத் தூக்கி, முகம் கிழவியைப் பார்க்குமாறு திருப்பி, அதே மடியில் வைத்தார்.

“இப்படி வெச்சாத்தான் அவ பேசுவா,” என்றார்.