மீட்டுப் பார்க்காத பிரதி

வன்னியிலே இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஷெல் விழத் தொடங்கினால் முதலில் பிள்ளையைத் தூக்குவார்கள். அடுத்தது அந்தப் பை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட ‘பேர்மிற்’ காணிகளை நம்பி வாழ்ந்த குடியேற்றங்கள் இங்கே அனேகம். அந்த ஒரு தாள் போனால் வயலுக்கு உரிமை கோருவது பெரும்பாடு. 2009இல் பலரிடம் பையும் போயிற்று. அலுவலகங்களில் இருந்த பதிவேடுகளும் பல இடங்களில் அழிந்தன. ஒரு பிரதி உரியவரிடம், மறு பிரதி அரசிடம் என்பது நல்ல ஏற்பாடுதான். இரண்டும் ஒரே போருக்குள் அகப்பட்டதே வினை.

இவற்றையெல்லாம் கண்டு செய்தியாக எழுதிய நானே, என் சொந்தக் கணினியில் அதே பிழையைச் செய்தேன்.

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பழைய மேசைக்கணினி வழங்கியாக ஓடுகிறது. வன்னியின் பழைய நிழற்படங்களையும் பத்திரிகைத் துணுக்குகளையும் ஸ்கான் செய்து அதிலே சேர்த்து வருகிறேன். உபுண்டு லினக்ஸ், அதன்மேல் கேவிஎம் மூலம் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி, அதற்குள் இரண்டு டொக்கர் கொள்கலன்கள். ஒன்றில் ஆவணங்களைக் காட்டும் செயலி, மற்றதில் படங்களின் விபரங்களைத் தாங்கும் தரவுத்தளம். சுட்டியால் அழுத்துவதற்குப் பொத்தான்கள் எவையுமில்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்வதே வழி. ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் அமைத்துத் தந்தான். இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து வந்த எனக்குக் கட்டளைவரி அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. ஓர் எழுத்துத் தவறினால் பொருளே மாறிவிடும் என்பது இரண்டுக்கும் பொது.

அந்த ஓர் எழுத்துத்தான் தவறியது.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு நேரம் குறைந்தாலும் மின்வெட்டு நின்றபாடில்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள் மின்சாரம் திரும்பியபோது தரவுத்தளக் கொள்கலன் எழும்ப மறுத்தது. கொள்கலன்களை ஒருமுறை இறக்கி ஏற்றினால் சரிவரும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ‘டொக்கர் கொம்போஸ் டவுன்’ என்று அடித்து, அதன்பின் ஒரு சிறு கோடும் ‘வி’ என்ற எழுத்தும் சேர்த்தேன். பல கட்டளைகளில் அந்த எழுத்துக்கு ‘நடப்பதை விபரமாகச் சொல்லு’ என்றே பொருள். இங்கே அதற்குப் பொருள் வேறு: தரவு குடியிருக்கும் வொலியூமையும் சேர்த்து அழி. ‘நிச்சயமாகவா?’ என்று கூட அது கேட்கவில்லை.

“மாமா, ‘வி’ போட்டனீங்களோ?”

“போட்டனான் போலத்தான் கிடக்கு.”

தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

என்னிடம் காப்புப்பிரதி இருந்தது என்பதுதான் வேடிக்கை. மாதாமாதம் கொள்கலனை ‘கொமிற்’ செய்து, கிடைத்ததை ஒரே கோப்பாகக் கட்டி, வெளி வன்வட்டொன்றில் சேமித்து வந்தேன். கோப்புகள் வரிசையாக, திகதியோடு, கண்ணுக்கு அழகாக இருந்தன. ஆனால் ‘கொமிற்’ கொள்கலனை மட்டுமே படியெடுக்கும். அதனோடு பொருத்தப்பட்ட வொலியூமைத் தொடாது. பெட்டியைப் பத்திரப்படுத்தி, உள்ளே இருந்ததை வெளியே விட்டுவந்திருக்கிறேன். ஒரு முறையாவது அவற்றுள் ஒன்றை மீட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

முற்றாக அழியாமல் காத்தது தற்செயல். ஜனவரியில் மென்பொருளைப் புதுப்பிக்குமுன் மெய்நிகர் இயந்திரத்தை ‘ஸ்னப்ஷொட்’ எடுத்து வைத்திருந்தான் மருமகன். உடனே அதற்குத் திரும்ப நான் அவசரப்பட்டேன், அவன் தடுத்தான். அப்படித் திரும்பினால் ஜனவரிக்குப் பின் சேர்த்த படங்களும் போய்விடும். இயந்திரத்தை நிறுத்தி, அதன் வட்டுக்கோப்பை முழுதாக வேறொரு வன்வட்டுக்குப் படியெடுத்து, அந்தப் படியில் மட்டும் பின்னோக்கிச் சென்றோம். ஸ்னப்ஷொட் மூலக்கோப்புக்குள்ளேயே இருந்ததையும் சொல்ல வேண்டும். வன்வட்டுப் பழுதாகியிருந்தால் இரண்டும் ஒன்றாகப் போயிருக்கும். அதைக் காப்புப்பிரதி என்று சொல்வது தவறு.

படங்கள் எல்லாம் தப்பின. போனவை ஜனவரி முதல் ஜூன் வரை எழுதிய விபரங்கள். முல்லைத்தீவுப் பெரியவர் ஒருவர் அந்த மாதங்களில் என் அருகில் அமர்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் இருப்பவர் யார், எந்தக் கோயில் திருவிழா, எந்தப் பள்ளிக்கூடத்து வகுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் நேரே கணினியில் அடித்தேன். மே மாதம் அவர் காலமானார்.

இப்படிப் போவது என் பின்னறையில் மட்டுமல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினி பணயம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்களுக்குக் காப்புப்பிரதி இல்லாமற் போயிற்று. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜொன் நகரில் அரச தரவு மையம் தீப்பிடித்தது. ஊழியரின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்பகம், அளவில் பெரிது என்ற காரணத்தால் வெளியே பிரதியின்றியே இருந்து அழிந்தது. பணமுள்ள அரசுகளின் நிலையே இது.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்ற விதியைப் பரப்பியவர் பீற்றர் குரோ என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர். நமக்கு அதை விளங்க அமெரிக்கா போகத் தேவையில்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய அந்த வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் எரிந்தது, ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. ஒரே ஊரில் எத்தனை பிரதி வைத்தாலும் ஊருக்கே தீ வைப்பவனிடம் அவை ஒன்றுதான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தார் அதை உணர்ந்தவர்கள்.

இப்போது செய்வது இதுதான். இரவு 2 மணிக்குக் குறொன் தரவுத்தளத்தைச் சாதாரண எழுத்துக்கோப்பாகக் கொட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் வொலியூமை அப்படியே படியெடுப்பது, கோத்துக்கொண்டிருக்கும் பக்கத்தை அரைகுறையில் அச்சேற்றுவது போன்றது. பாதிப் பத்தி நேற்றையது, மீதி இன்றையது. அதனால் முதலில் கொட்டுதல். பின் அதையும் படக்கோப்புறையையும் கொம்போஸ் கோப்பையும் ‘ரெஸ்ரிக்’ மறைகுறியாக்கி, ஒன்றை வீட்டு வன்வட்டுக்கும் ஒன்றை ரொறன்ரோவுக்கும் அனுப்புகிறது. மாறியவை மட்டுமே செல்வதால் எங்கள் இணைய வேகத்துக்கும் தாங்குகிறது. மெய்நிகர் இயந்திரத்தின் அமைப்பை ‘விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்’ ஒரு சிறு கோப்பாகத் தந்துவிடும். அதன் வட்டை மாதமொருமுறை, நிறுத்திவைத்தே படியெடுக்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு பழைய மடிக்கணினியில் எல்லாவற்றையும் வெறுமையிலிருந்து மீட்டுப் பார்க்கிறேன். முதல் மூன்று தடவை தோற்றேன். ஒருமுறை கடவுச்சொல் இருந்த கோப்பு மீட்கவேண்டிய பொதிக்குள்ளேயே இருந்தது. மருமகன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது கடவுச்சொல் தாளில் எழுதப்பட்டு, எங்கள் வீட்டுப் பைக்குள், காணி உறுதியோடு இருக்கிறது.

பெயரில்லாமற் போன படங்களில் சிலவற்றுக்கு அவருடைய மகள் பெயர் சொன்னார். 64 படங்கள் மீதம். அவற்றை அச்செடுத்து, வருகிற கிழமை ஒட்டுசுட்டானில் ஒரு அம்மாவிடம் கொண்டுபோகிறேன். கையில் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துச் செல்கிறேன்.